பத்தொன்பது திர்ஹம்

ஷார்ஜாவிலிருந்து துபாய் போகிற பஸ்ஸில்,
இத்திஹாத் சாலை நெரிசலின் புண்ணியத்தில்,
நான்கே நாளில் முடித்துவிட்டேன்
எல்லாரும் எப்போதோ படித்துவிட்ட அந்த நாவலை.

பதினெட்டாம் பதிப்பு.
அட்டையில் ஒரு குடை,
அதன் கீழே மூன்று ஜோடிச் செருப்பு.
புத்தகக் காட்சியில் முக்கால் மணி நேரம் நின்று
எமல்டா வாங்கி வந்தது.

எனக்கு யாழினியைப் பிடிக்கவில்லை.
அவள் அழ நினைக்கும்போதெல்லாம் மழை வந்துவிடுகிறது.
இங்கே வருடத்துக்கு ஏதோ இரண்டு நாள் மழை.
அன்றைக்குப் பார்த்து அழ நேரமிருக்காது.
அல் நஹ்தாவில் முழங்கால் தண்ணீரில்
செருப்பைக் கையில் பிடித்து நடந்து வந்து,
லிப்ட் நின்றுபோன கட்டடத்தில்
ஒன்பது மாடி ஏற வேண்டும்.

கிஷோரையும் பிடிக்கவில்லை.
காதலை விழுங்கிவிட்டு
நண்பனுக்கு வழிவிட்டு ரயிலேறுகிறான்.
வாயைத் திறந்திருந்தால்
நூற்றிருபது பக்கத்தில் முடிந்திருக்கும்,
எனக்கும் இரண்டு நாள்
ஜன்னல் மிச்சமாகியிருக்கும்.

சம்பளம் என்ற சொல்
நானூறு பக்கத்தில் ஓரிடத்தில்கூட இல்லை.
மூன்று பேரில் ஒருவரும் வாடகை கொடுத்து
நான் பார்க்கவில்லை.

இவ்வளவையும் எமல்டாவிடம் சொன்னேன்.
நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே
"ஒனக்கு எதுதான் புடிக்கும்" என்றாள்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.
ஸ்டேஷனில் அவர்கள் இருவருக்கும் வாங்கிய டீயை
அவர்கள் வராததால்
கிஷோரே ஒன்றன்பின் ஒன்றாகக் குடிக்கிற இடம்.
முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
பஸ் அல் மம்சார் தாண்டி அசையாமல் நின்றிருந்தது.
ஒரே பத்தியில் நான்கு உவமை, நான்கும் மட்டம்.
ஐந்தாவதில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.
பக்கத்து இருக்கைப் பிலிப்பினோப் பெண்
கேட்காமலே டிஷ்யூ நீட்டினாள்.
ஏசி, என்றேன்.
ஆமாம், ஏசி, என்றாள்.

புத்தகம் முழுக்க எமல்டாவின் பென்சில்.
'நட்பு கணக்குப் பார்ப்பதில்லை' என்ற வரிக்கு
இரண்டு கோடு, ஓரத்தில் ஒரு நட்சத்திரம் வேறு.
சிரித்துவிட்டேன்.
எங்கள் பிரிட்ஜ் கதவில்
காந்தத்தின் அடியில் மாதத்துக்கொரு தாள்.
தயிர் ஆறு, கேஸ் எழுபத்தைந்து,
அவசரத்துக்கு நான் உடைத்த
அவளுடைய டூனா டப்பா நாலரை.
எல்லாம் தேதி போட்டு, பாதி பிரித்து
அவள் கையெழுத்தில்.
கடைசி வரி நேற்றையது:
நாவல் முப்பத்தெட்டு. உன் பங்கு பத்தொன்பது.

எந்தப் பாதிக்கு என்று கேட்டேன்,
பிடித்த பாதிக்கா, பிடிக்காத பாதிக்கா?
"படிச்சதுக்கு" என்றாள்.

பர்ஸை எடுக்கப் போகிறவள்
எதற்கோ பின்னாலிருந்த பழைய தாள்களைப் புரட்டினேன்.
போன வருடம், ஜூலை, ஆகஸ்ட்.
கம்பெனி மூடி, விசா ரத்தாகி,
பயோடேட்டாவை பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு
வெயிலில் நான் அலைந்த இரண்டு மாதம்.
முட்டை இருக்கிறது.
கொத்தமல்லி ஒன்றரை இருக்கிறது.
இரண்டு தாளிலும்
வாடகை என்று ஒரு வரி இல்லை.

அதற்காக அது நல்ல நாவலாகிவிடாது.
அந்த வாக்கியம் இப்போதும் மட்டம்தான்.
நட்பு கணக்குப் பார்க்கும்,
கொத்தமல்லி வரைக்கும் பார்க்கும்.
எழுதியவர் எங்கள் பிரிட்ஜைத் திறந்ததில்லை,
அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

பத்தொன்பதை எண்ணிக் கொடுத்தேன்.
எமல்டா எண்ணி வாங்கிக்கொண்டு
அந்த வரியை அடித்தாள்.

இன்று ஆபீசில் சித்ரலேகா கேட்டாள்,
நாவல் எப்படி என்று.
சுமார், என்றேன்.
பரவாயில்லை, கொடு, படித்துவிட்டுத் தருகிறேன் என்றாள்.
இல்லை, உள்ளே ஒரே பென்சில் கோடாக இருக்கிறது
என்றேன்.

"அதனாலென்ன,
அழிச்சிட்டுக் குடேன்."