பதினோராவது சாவு

விக் துறைமுகத்தில் எல்லாருக்கும் ஆசை,
எல்ஸ்பெத் கின்னியர் நாவலில்
ஒருமுறையாவது செத்துப் பார்க்க.

மீன் ஏலக்காரனை ஐஸ் பெட்டியில் கிடத்தினாள்.
பாதிரியாருக்குத் தேநீரில் நஞ்சு;
அவர் மனைவி பத்துப் பிரதி வாங்கினாள்.
"என் முறை எப்போ?" என்று
தினமும் கதவைத் தட்டிய தபால்காரன் டூகல்ட்
பதினோராவது புத்தகத்தில்
கலங்கரை விளக்கத்திலிருந்து விழுந்தான்.
அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான்
அப்புறம் கடிதம் கொடுத்தான், ஆறு வருஷம்.

ஜனவரியில் நிஜமாகவே போனான்.
தூக்கத்தில். இதயம்.

கல்லறையில் மழை.
பழக்க தோஷம்,
யார் காலணியில் சேறு என்று பார்த்தாள்.
எல்லார் காலணியிலும் சேறு.

தட்டச்சில் பாதித் தாள் அப்படியே இருக்கிறது.
மறுநாள் புதுப் பையன் வந்தான்.
மணி அடித்தான்.
தட்டவில்லை.