வெர்னாவுக்கு, வண்டிக் கொட்டகையிலிருந்து

நாற்பத்தோராவது மறுப்பு வந்த அன்றும்
நீ பனி வாரும் வண்டியை எடுத்துக்கொண்டு போனாய்.
டுலூத்தில் ஏரி உறைந்து கிடந்தது.
வாரிய சாலையிலேயே மறுபடி விழுந்தது பனி.

ஏஜென்டுகளுக்கு நீ அனுப்பும் கடிதத்தைப் படித்தேன், வெர்னா.
முதல் பத்தி முழுக்க மன்னிப்பு,
கதவைத் தட்டிவிட்டு ஓடி ஒளிகிறவள் மாதிரி.
வெட்டு அதை.
நாவலில் மூன்றாம் அத்தியாயத்தில்தான்
ஹெல்மி பாலத்தின் நடுவே காரை நிறுத்துகிறாள்.
கடிதத்தில்
முதல் வரியிலேயே நிறுத்தட்டும்.

அந்த மினியாபொலிஸ்காரர்
படித்துப் பார்க்கவே முந்நூறு டாலர் கேட்டாராமே?
கொடுக்காதே.
உனக்குக் காசு வந்த பிறகுதான் ஏஜென்டுக்குப் பங்கு,
நூற்றுக்குப் பதினைந்து.
முன்பணம் கேட்கிறவர் விற்பது உன் ஆசையை.
அதுவும் உனக்கே.

பெயரை இரண்டு முறை சரிபார்.
நான் ஒருமுறை திருமதி ப்ரூவருக்கு அனுப்பிய உறைக்குள்
'அன்புள்ள திரு. ஹாஸ்கெல்' இருந்தது.
ஒரே வரியில் பதில்:
'ஹாஸ்கெலைப் பார்த்தால் சொல்லிவிடுகிறேன்.'

பதில் வராததும் ஒரு பதில்தான் என்கிறார்கள்.
பதினோரு வருஷமாய்
எனக்கு அது பிடிபடவில்லை.
என் புத்தகத்தை யாரும் எடுக்கவில்லை, தெரியுமே உனக்கு;
என் பேச்சை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்.

நாளை ஐந்து மணிக்கு மேட்டுத் தெரு உன் முறை.
இடது விளக்கு எரியவில்லை, சொல்லி வைத்திருக்கிறேன்.
பிறகு,
நீ தந்த பக்கங்கள் பாலத்தோடு முடிந்துவிட்டன.
காரிலிருந்து இறங்கினாளா, இல்லையா?