ஏழாம் துளை

ஆனிக்கடல். யாரும் இறங்கவில்லை.
கடியபட்டணம் வலைக்கூடத்தில்
ஐந்து பேர், ஐந்து மவுத் ஆர்கன்.

காகிதம் வேண்டாம் என்றேன்.
நாலாம் துளை: ஊது, இழு.
ஐந்து: ஊது, இழு.
ஊதினால் கீழ்ச்சுரம், இழுத்தால் மேல்.
அவ்வளவுதான் கணக்கு.

ததேயுவுக்கு முன்பல் இல்லை.
ஒரு துளை கேட்டால் மூன்று ஒலிக்கிறது.
"கூட்டமாப் பாடுது, கெடக்கட்டும்."
கிராசியான்
இழுக்கும்போதெல்லாம் இருமுகிறான்,
அதுவும் தாளத்தில்.

ஏழில் நான் தயங்கினேன்.
இங்கிருந்து தலைகீழ்.
இழுத்தால் கீழ், ஊதினால் மேல்.
தரையில் அம்புக்குறி போடச்
சாக்கட்டி தேடினேன்.

"நீவாடு மாறுது, மக்களே"
என்றார் சூசைபிச்சை,
கிழிந்த வலையிலிருந்து கண்ணெடுக்காமல்.

ஐவரும் மூச்சைத் திருப்பிக்கொண்டார்கள்.
சாக்கட்டியோடு
நான்தான் பிந்தினேன்.