போயா

மூன்று மாத வேலை என்றுதான்
கரூரிலிருந்து அனுப்பினார்கள்.
ரோலர் மிஷின் எப்போதோ ஓடத் தொடங்கிவிட்டது.
நான்தான் நின்றுவிட்டேன்.

ஹப்புத்தளையில் துணி காய மூன்று நாள்.
ஈரமா குளிரா என்று
கன்னத்தில் வைத்துப் பார்க்கக் கற்றேன்.
உள்ளங்கையில் சீனி,
ஒரு நக்கு, ஒரு மிடறு பிளேன்டீ;
முதல் வாரம் கரண்டி கேட்டவன் நான்.
"பஹினவா" என்று சொல்ல நாக்கு எழாமல்
இரண்டு வளைவு தள்ளி இறங்கி
மழையில் திரும்பி நடந்தவன்.

கோழி வாங்கப் போன ஒரு நாள்
சிறிபால முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.
கலண்டரில் வட்டமாய் இருந்த நிலாவை
விரலால் தொட்டுக் காட்டினார்.
பருப்போடு திரும்பினேன்.

நேற்று அண்ணன் வீடியோவில்:
"கெடா வெட்டு, மூணு பந்தி ஆச்சு.
நீ என்னடா சாப்பிட்ட?"

"கறி ஏது, இன்னைக்குப் போயா" என்றேன்,
ஊருக்கே தெரிந்த சங்கதிபோல.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"யாரைடா போய்யாங்கற?"

போனை ஜன்னல் பக்கம் திருப்பினேன்.
பனிமூட்டம்தான் தெரிந்தது.