கடைசிச் சுற்று

நாலே நாலு மர ஸ்குரூ.
அதை நம்பி உட்கார்ந்திருந்தார்
நூற்றிரண்டு கிலோ மனிதர்.
அவதானப்பட்டி ஏரி நடுவில்
படகு வெட்டித் திரும்பியது,
அவர் திரும்பவில்லை.
நாற்காலியை அவரும் விடாமல்
அவரை நாற்காலியும் விடாமல்
இரண்டு பேரும் தண்ணீருக்குள் போனார்கள்.
மிதவைச் சட்டை இருந்தது.
செருப்பு மட்டும்தான் நஷ்டம்.

ஸ்குரூ போட்டவன் நான்.

பழையபேட்டையில் மினிபஸ்களுக்கு சீட் பொருத்துகிறவன்.
பஸ் சீட்டுக்கு நாலு கால், பக்கத்தில் சுவர்.
படகில் ஒற்றைக் கால்.
மேலே ஒருவர் சும்மா சாய்ந்தால் போதும்,
கீழே ஆணியை நெம்புகிறது அந்தச் சாய்வு
கடப்பாரை மாதிரி.
பாறை புரட்டுகிற ஊரில் பிறந்தவனுக்கு
இது தெரியாதா?
தெரியும்.
சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்குத் தெரியவில்லை.

பிய்ந்த ஓட்டைக்குள் விரல் விட்டேன்.
ஃபைபர் தோல்களுக்கு நடுவே இருந்த பிளைவுட்
ஊறின புண்ணாக்காய் வந்தது.
மேலே பளபளப்பு.
உள்ளே மாதக்கணக்காய்த் தண்ணீர்,
என் துளை வழியாகவே போயிருக்கிறது.
சுரண்டி எடுத்தேன்.
குண்டு பல்பு தொங்கவிட்டு இரண்டு ராத்திரி காயவைத்தேன்.
எபாக்சி ஊற்றி, அது கல்லானதும்
அதே இடத்தில் துளைத்தேன்,
இந்த முறை மறுபக்கம் வரைக்கும்.
அடியில் கொடுக்கத் தகடு வேண்டும்.
மாங்கூழ் ஆலையில் கழித்துப்போட்ட எவர்சில்வர்,
காந்தம் ஒட்டாத ரகம்.
மூன்று தடவை கழுவியும் ஈ வந்தது.

தளத்துக்கு அடியில் போக ஒரே வழி
சொம்பு வாய் அளவு மூடி.
என் கை போகவில்லை.
படகோட்டி திம்மராயன் கை மணிக்கட்டோடு நின்றது.
டிக்கெட் கவுண்டர் கௌசர் மேடம்
வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி
ரசீதுக் கட்டின் மேல் வைத்தார்.
முழங்கை வரை உள்ளே போனது.

‘சீட் பொருத்தியவரின் அலட்சியம்’ என்று
அழகான கையெழுத்தில் அறிக்கை எழுதிய கை.

“வந்துச்சா?”
“எது?”
“போல்ட் முனை.”
“ஜில்லுனு ஏதோ தொடுது.”
“அதான். தகடு, வாஷர், அப்புறம் நட்டு.”
“கண்ணுல படாம எப்படிங்க மாட்டுறது?”
“எனக்கும் எதுவும் தெரியலைங்க.”

மேலே போல்ட் திரும்பக் கூடாது.
திரும்பினால் கழுத்தில் பூசிய பசை அறுந்து
மறுபடி தண்ணீர் இறங்கும்.
அதனால் நான் ஸ்பேனரை
அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.
திருகியது அவர்.
இருபது வருஷத்தில்
இன்னொருவர் திருக, நான் சும்மா பிடித்தது
இதுதான் முதல்.
ஒரு தட்டு தட்டினால் நிறுத்து.
இரண்டு தட்டினால் இன்னும் கொஞ்சம்.
மூடி வாய் வழியாக
அவர் வளையலில்லாத கை
ஃபைபரில் உரசுவது கேட்டது.

“போதும். மிச்சம் நாளைக்கு.
இப்பவே இறுக்கினா பசை பூரா பிதுங்கிடும்.”
“நாளைக்கு எனக்கு லீவு.”
நான் ஒன்றும் சொல்லவில்லை.
“பத்து மணிக்கு வர்றேன்.”

பத்தரைக்கு வந்தார்.
கடைசிச் சுற்று, அதுவும் கால் சுற்று,
எதிரெதிர் மூலையாக நான்கு போல்ட்டுக்கும்.
பிறகு நானும் திம்மராயனும்
ஒரே நாற்காலியில்
ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து
பின்னால் சாய்ந்தோம்.
படகு சாய்ந்தது.
நாற்காலி படகோடு மட்டும் சாய்ந்தது.
கரையில் சோளம் சுடுகிறவர்
விசிறுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

மேடம் பதிவேட்டை விரித்தார்.
எழுதட்டும் என்று
கொஞ்ச நேரம் நின்றேன்.
மூன்றாம் எண் நாற்காலியைப் பற்றி
யாரும் கேட்கவில்லை.
அதுவும் அதே சனிக்கிழமை,
அதே டப்பா ஸ்குரூ.

சொன்னேன்.

பேனாவை மூடினார்.
ஏரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
வளையல்களை மறுபடி
கழற்ற ஆரம்பித்தார்.