பதினெட்டுக்கு முன்

வண்ணார்பேட்டை மேம்பாலம் தாண்டி
கல்லடைப்பு ஆஸ்பத்திரி, கீழ்த்தளம்.
மெத்தையில் உச்சிமாகாளி,
நாங்குநேரி ஏர்வாடி மினிபஸ் கண்டக்டர்.
வலது சிறுநீரகத்தில் பதினோரு மில்லிமீட்டர்.
"தண்ணி குடிச்சா எறங்கணும்லா சார்,
எறங்குனா வண்டி நிக்குமா?"
கல்லின் வரலாறு அவ்வளவுதான்.

எந்திரத்தின் வயிற்றில்
உள்ளங்கை அகலத்தில் ஓர் அறை.
எதிரெதிரே இரண்டு டங்ஸ்டன் முனைகள்,
இடையில் நைட்ரஜன்.
வேறொன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைதான் சுவிட்ச்.

பதினெட்டாயிரம் வோல்ட் வந்து நெற்றியில் முட்டும்.
காது கேளாததுபோல் நிற்க வேண்டும் அது.
உச்சிமாகாளியின் நெஞ்சு துடித்து
ஒயர்வழி ஆளனுப்பும்;
நடுமுனையில் ஓர் ஊசிப்பொறி.
அப்போதுதான், அப்போது மட்டும்தான்,
சுவராய் நின்ற வாயு
சாலையாகலாம்.

இன்று பதினான்கிலேயே பாய்ந்துவிட்டது.
நெஞ்சு ஒரு தாளம், அடி வேறு தாளம்.
திரையில் துடிப்புக்கோடு இடறியதைப் பார்த்து
நிறுத்திவிட்டு எனக்குப் போன் போட்டாள் ஜெனோவா.
மேலப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தேன்
பாதிச் சோற்றோடு.

முதலில் எர்த் கம்பி.
கபாசிட்டரின் வாயை ஒருமுறை தொட்டு,
சத்தம் போன பிறகும் மறுமுறை தொட்டு.
மிச்சம் வைத்திருக்கும், நம்பக்கூடாது.

சோப்பு நுரை தடவினேன்.
மூடியின் ஓரத்தில் கடுகளவு குமிழ்
ஊதியது, உடைந்தது, ஊதியது.
ரப்பர் வளையத்தில் மயிரிழை வெடிப்பு.
வாயு மெலிந்தால் பொறுமை மெலியும்.
திறந்தால் முனைகள்
புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி.
அது அடி வாங்கியதன் தழும்பு,
அதன்மேல் குற்றமில்லை.

வளையத்தின் விலை நாற்பது ரூபாய்.
ஸ்டோரில் இருப்பு வைக்கச் சொல்லி
மூன்று மாதமாய் எழுதுகிறேன்.
காலையில் ஸ்டோர்காரரிடம்
நானும் பதினான்கிலேயே பேசிவிட்டேன்.

புது வளையம் பையில் இருந்தது, என் காசில் வாங்கியது.
பேட்டை டிப்போ சிலிண்டர் சீறியது.
மானி ஏறி, நின்றது.
பதினாறு. பதினேழு.
பதினெட்டில் பத்து நிமிடம் வைத்துப் பார்த்தேன்.
அசையவில்லை.

"ரைட் சார், போலாமா?" என்றார் மெத்தையிலிருந்து,
விசில் இல்லாத உதட்டோடு.
டப்.
அவர் நெஞ்சு சொன்ன பிறகு, டப்.
"வலிக்கா?" என்று ஜெனோவா.
"வலிக்கத்தான் செய்யுது.
ஸ்டாப்பிங்கு எத்தன?"
"மூவாயிரம்."
"எக்ஸ்பிரஸ் இல்லியா?"

இரண்டு அடிக்கு நடுவே
முக்கால் நொடிதான் இருக்கிறது.
அதற்குள் அறை ஆறி,
பிய்ந்த துகள்கள் ஒட்டி,
நெருப்பு போன தடம்
வாயுவுக்கு மறந்துபோக வேண்டும்.
மறக்காவிட்டால் அடுத்த முறை நிற்காது.
என் கைக்கருவிகளில் எதுவும்
அந்த மறதியை அளக்காது.
காதை வைத்துக் கேட்கிறேன்.

ஐந்து நாற்பதுக்கு ஸ்டோர்காரரின் எண்ணில் மணியடித்தது.
எடுக்கவில்லை அவர்.
படியில் உட்கார்ந்திருக்கிறேன்.
உள்ளே ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம்.