அரை மெகாபைட்

மார்த்தாண்டம் சந்தைக்கு எதிரே, மாடியில்
பிரிண்டருக்கு மட்டும் மின்விசிறி.
எனக்கு ஜன்னல்.
ரசலையன் அண்ணன் எந்த விலையையும்
ரப்பர் ஷீட்டில்தான் சொல்வார்:
பிரிண்டர், நாலு டன்.
கூடுதல் மெமரி கார்டு, நானூற்றைம்பது கிலோ.
என் சம்பளம், இருபது கிலோ.
"உள்ளது போதும் புள்ளே, அரை இருக்குல்லா."

ஊசி பிரிண்டருக்கு நல்ல குணம்.
பாதி வரியில் நின்று
மீதி வரும்வரை காத்திருக்கும்,
சாயா குடிக்க இறங்கிய கண்டக்டர் மாதிரி.
லேசர் அப்படியல்ல.
உருளை சுற்றத் தொடங்கிவிட்டால்
குழித்துறைப் பாலத்தில் நிற்காத
திருவனந்தபுரம் எக்ஸ்பிரஸ்.
பக்கத்தின் கடைசிப் புள்ளிவரை
முன்கூட்டியே ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஏ4 தாளுக்கு எண்பத்தேழு லட்சம் புள்ளி.
எட்டுக்கு ஒரு பைட் என்று
தினத்தாள் ஓரத்தில் வகுத்துப் பார்த்தேன்:
பத்து லட்சத்து எண்பத்தேழாயிரம்.
இருப்பது
ஐந்து லட்சத்து இருபத்துநாலாயிரம்.
அதற்குள்தான் தமிழும் குடியிருக்க வேண்டும்.

இங்கிலீஷ் எழுத்து அதன் வயிற்றிலேயே பிறந்தது,
கரண்ட் போனாலும் போகாது.
தமிழ் தினமும் காலையில் கேபிள் வழியே
மூட்டை முடிச்சோடு ஏறி வரும்.
பன்னிரண்டு புள்ளி 'ழ' தனியாக,
இருபத்துநாலு புள்ளி 'ழ' தனியாக
இடம் கேட்கும்.
கரண்ட் போனால் எல்லாரும் தெருவில்.
திரும்ப ஏற்ற ஒன்பது நிமிடம்.
இரண்டு அளவுக்கு மேல் தாங்காது என்பதால்
அந்த வருடம் எங்கள் கடைக் கல்யாண நோட்டீஸ்களில்
மாப்பிள்ளையும் அவர் படிப்பும்
ஒரே உயரம்.

குறும்பனையிலிருந்து லூர்தையன் வந்தார்,
திருவிழா நோட்டீஸுக்கு.
"முழுத் தாளும் கோபுரம் நிக்கணும்.
பேரெல்லாம் பின்பக்கம்."
அனுப்பினேன்.
சிலுவை வந்தது, மணி வந்தது,
ஒரு ஜன்னல் பாதி வந்தது,
பிறகு வெள்ளை.
பிரிண்டரின் நெற்றியில் ஓர் எண் மின்னியது.
புத்தகத்தைப் புரட்டினேன். அர்த்தம்:
கொள்ளவில்லை.

புள்ளி நெருக்கத்தைப் பாதியாக்கினால்
கால்வாசி இடம் போதும்.
செய்தேன். சிலுவை படிக்கட்டாகிவிட்டது.
லூர்தையன் தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.
"இது கடல்ல நின்னு பாக்குத மாதிரியாக்கும்.
நாங்க கரையில இல்லா நிக்கியோம்."

கார்டு வாங்கலாமா என்று கேட்டேன்.
அண்ணன் பசை டப்பாவை
என் பக்கம் நகர்த்தினார்.
ரப்பரில் சொல்லுமளவு விலைகூட இல்லை அதற்கு.

தமிழை இறக்கிவிட்டு
கோபுரத்தை மூன்றாக அறுத்து அனுப்பினேன்.
சிலுவையும் மணியும் ஒரு தாள்.
ஜன்னல்கள் ஒரு தாள்.
வாசலும் படியும் ஒரு தாள்.
பிளேடு, ஸ்கேல், பசை, வெள்ளை மை.
ஒட்டிய துண்டு காயும்வரை
விரலை எடுக்க முடியாது.
கருங்கல் போகும் கடைசி பஸ் போய்விட்டது.
அந்த ராத்திரி
கோபுரம் முழுதாக நின்ற ஒரே இடம்
என் தலை.
அது எத்தனை கிலோ என்று
அண்ணன் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

ஆயிரம் பிரதி. ஒருவரும் குறை சொல்லவில்லை.
கோயில்பிள்ளை மட்டும்
நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு
ஏணி போட்டு ஏறி
இரண்டாம் ஜன்னலுக்குக் கீழே
சுவரைத் தட்டிப் பார்த்தாராம்,
விரிசல் உண்டுமா என்று.

மறுவருடம் மெமரி நூற்றிருபது கிலோவுக்கு இறங்கியது.
பஸ் பார்சலில் வந்தது,
உள்ளங்கையைவிடச் சிறிது.
நான்தான் மாட்டினேன். நாலு திருகு.
கோபுரம் சிலுவை முதல் படிவரை
ஒரே தாளில் இறங்கி வந்தது, சூடாக.
அண்ணன் தடவிப் பார்த்தார்.
பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:
"ஜூன்ல இருந்து மத்தியானம் வரைக்கும் வந்தா போதும்
லில்லிபுஷ்பம்.
பத்து கிலோ."

அந்த மாதம் மெமரியோடு
ரப்பரும் இறங்கியிருந்தது.